பச்சையனுக்கு என்ன சாப்பாடு: உயிர்ப்பூச்சியா, காய்ந்த பூச்சியா?

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அக்காவின் மகன் ஒரு பச்சோந்தி வளர்க்கிறான். யெமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்கிற இனம் அது. உச்சந்தலையில் உயரமான கொண்டை, உடம்பில் பச்சையும் மஞ்சளும் கலந்த பட்டைகள். கூட்டில் வளர்த்துப் பொரிக்கவைத்த குஞ்சுகளை அங்கே கடைகளில் வாங்கலாம். அவன் அதற்குப் பச்சையன் என்று பெயர் வைத்திருக்கிறான். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். அதனால் பச்சையனுக்கு என்ன வந்தாலும் வட்ஸ்அப்பில் முதல் மணி எனக்குத்தான் அடிக்கும்.

போன பனிக்காலத்தில் ஒரு நாள் எடுத்தான்.

“சின்னம்மா, இவன் சாப்பிடுறானில்லை. கண்ணும் உள்ளுக்குப் போன மாதிரிக் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ.”

போனைக் கூட்டுக்கு முன்னால் பிடித்தான். பச்சையன் கிளையில் இருந்தான். கீழே ஒரு வெள்ளைத் தட்டு. அதில் காய்ந்த மாப்புழுவும் காய்ந்த சில்லூறும் குவிந்து கிடந்தன. (சில்லூறு என்று நான் சொல்வது இரவில் கிணற்றடியில் கத்துகிற அதே சாதிதான், அங்கே கிறிக்கெற் என்று பெட்டியில் போட்டு உயிரோடு விற்கிறார்கள்.) பச்சையனின் ஒரு கண் யன்னலைப் பார்த்தது, மற்றக் கண் போனைப் பார்த்தது. தட்டை இரண்டு கண்ணும் பார்க்கவில்லை.

“உந்தப் போத்தல் ஆர் வாங்கினது?”

“அம்மாதான்.”

அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் வீடு மச்சம் புழங்காத வீடு. சில்லூறு பெட்டியிலிருந்து தப்பிச் சாமியறைக்குள் போய் இரவிரவாகக் கத்தினால் அவளால் எப்படிப் பொறுக்க முடியும்? பனி கொட்டுகிற நாட்களில் தபாலில் எடுப்பிக்கிற உயிர்ப்பூச்சி வழியிலேயே விறைத்துச் செத்துப்போவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அவள் சொன்ன காரணம் ஒன்று இருந்தது. “உயிரோட ஒண்டைப் பிடிச்சுக் குடுத்துக் கொல்லிக்கிறது எனக்கு ஏலாது பிள்ளை. இது செத்ததுதானே. பாவம் எங்களோட ஒட்டாது.” அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

என் முடிவை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பச்சோந்தியின் அன்றாடச் சாப்பாடு உயிருள்ள பூச்சியாகத்தான் இருக்கவேண்டும். காய்ந்த பூச்சி நஞ்சு இல்லை. அதற்கும் இடம் உண்டு. ஆனால் அதை நம்பி ஒரு பச்சோந்தியை வளர்க்க முடியாது. பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிறவர் பூச்சி வளர்க்கவும் ஆயத்தமாக இருக்கவேண்டும். அது ஏலாது என்றால் பச்சோந்தி வாங்கக்கூடாது.

ஏன் என்பதற்கு எங்கள் வேலியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

உரும்பிராயில் எங்கள் வளவின் மேற்குப் பக்கம் இன்னும் கிளுவை வேலிதான். இடையிடையே பூவரசு நிற்கிறது. மற்ற மூன்று பக்கமும் மதில் வந்துவிட்டது. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இரண்டும் சேர்ந்திருந்த காலத்துப் பேச்சு. சீமெந்து மதிலில் பூச்சியும் இல்லை, ஓணானும் இல்லை, பச்சோந்தி ஏறுவதற்குக் குழையும் இல்லை. இந்த ஒரு பக்க வேலியில் மட்டும் எங்கள் நாட்டுப் பச்சோந்தி இடைக்கிடை வரும். இந்தியாவிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிற இனம் அது. பச்சையனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம்.

ஒரு காலை வெயில் ஏறுகிற நேரம் கிளுவைத் தடியில் ஒன்றைக் கண்டு நின்று பார்த்தேன். ஒரு காலைத் தூக்கும். முன்னும் பின்னும் ஆடும். பிறகுதான் அதை வைக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழன்றுகொண்டிருந்தன. அரை முழத்துக்கு அப்பால் பூவரசங் குழையில் சின்னத் தத்துவெட்டி (வெட்டுக்கிளி) ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது அசையாமல் இருந்தபோது பச்சோந்தியின் கண் அதன்மேல் பட்டும் நிற்கவில்லை, கடந்துபோனது. பிறகு தத்துவெட்டி பின்னங்காலை ஒருக்கா இழுத்து வைத்தது. அவ்வளவுதான். ஒரு கண் சட்டென்று திரும்பி நிலைகுத்தியது. தலை மெல்ல அந்தப் பக்கம் வந்தது. மற்றக் கண்ணும் வந்து சேர்ந்தது. வாய் நூலளவு திறக்க நாக்கின் தடித்த நுனி வெளியே எட்டிப்பார்த்தது. அதற்குப் பிறகு நான் கண்டது வெறுங் குழை ஆடுவதைத்தான். நாக்கு போனதும் வந்ததும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

தெரியாததில் வியப்பில்லை. பச்சோந்தியின் நாக்கு ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இரையைத் தொட்டுவிடும். வாலை விட்டுவிட்டு உடம்பை அளந்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வரைக்கும் நீளக்கூடியது. வெறுந் தசையால் இந்த வேகம் வராது. நாக்கின் உள்ளே இருக்கிற எலும்பைச் சுற்றிக் கொலாஜன் உறைகள் இருக்கின்றன. எய்வதற்கு முன் தசை அவற்றை இழுத்துச் சத்தியைச் சேமிக்கிறது, பிறகு ஒரேயடியாக விடுகிறது. ஒல்லாந்து ஆய்வாளர்கள் டி குரூட், வான் லீவன் இருவரும் 2004இல் இதை விளக்கினார்கள். நாக்கு நுனியில் இருக்கிற சளியைப் பெல்ஜியத்தில் 2016இல் அளந்தார்கள். மனித உமிழ்நீரைப்போல ஏறக்குறைய 400 மடங்கு பிசுக்கு அது. தன் உடல் நிறையில் மூன்றிலொரு பங்கு வருகிற இரையைக்கூட ஒட்டி இழுத்துவர இந்தப் பிசுக்கே போதும்.

கண் இன்னும் பெரிய அதிசயம். எங்கள் கண்ணில் வில்லை ஒளியைக் குவிக்கும். பச்சோந்தியின் வில்லை விரிக்கும். விழித்திரையில் விழுகிற விம்பம் அதனால் பெரிதாகிறது. ஒட், ஷெபல் என்ற இருவர் 1995இல் இதைக் கண்டறிந்தார்கள். அதற்கும் முன்னால், 1977இல், ஹார்க்னஸ் என்பவர் பச்சோந்தியின் கண்ணுக்கு முன் கண்ணாடி வில்லைகளைப் பொருத்திப் பார்த்தார். நாக்கு இலக்கைத் தவறவிட்டது. இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது கண்ணைக் குவிக்கிற அளவை வைத்தே கணிக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது கடைசி வாங்கில் இருக்கிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இத்தனை ஆயத்தமும் ஒரு சின்ன அசைவுக்காகக் காத்திருக்கிறது. தட்டில் குவிந்து கிடக்கிற காய்ந்த பூச்சி அசையாது. பச்சையனுக்கு அது பூச்சி இல்லை. தட்டில் கிடக்கிற சருகு. பசியிருந்தும் அவன் தட்டைப் பார்க்காததற்கு அடம் காரணமில்லை. அவனுக்கு அங்கே சாப்பாடு இருப்பதாகவே தெரியவில்லை.

இதற்கு விலக்கு உண்டு. சிமிட்டாவால் (சின்ன இடுக்கியால்) பிடித்து ஆட்டிக் காட்டினால் சில பச்சோந்திகள் காய்ந்த பூச்சிக்கும் நாக்கை எய்யும். பழகிய கையால் குடுத்தால் வாயாலேயே கவ்வுகிறவையும் இருக்கின்றன. பச்சையனின் இனம் இலைகுழையும் கடிக்கிற இனம் என்பதால் அசையாததைத் தின்பது அதற்கு முற்றிலும் புதிதல்ல. “என்ரை பச்சோந்தி வடிவாத் தின்னுது” என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் தின்பதும் அது உடம்புக்குப் போதுவதும் இரண்டு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் இந்தக் கதை வந்தபோது உடன் படிப்பிக்கிற ஒருவர் கேட்டார்: “நாங்கள் கருவாடு தின்னுறந்தானே ரீச்சர், அதுக்கென்ன?” நல்ல கேள்வி. நாங்கள் கருவாட்டைப் புளிவிட்டுக் குழம்பாக்கிச் சோற்றோடு தின்கிறோம், ஒரு செம்பு தண்ணீரும் குடிக்கிறோம். சோறும் இல்லாமல் குழம்பும் இல்லாமல், கிண்ணத்துத் தண்ணீரைத் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாத ஒரு பிராணிக்கு மாதக்கணக்காக வெறுங் கருவாட்டை மட்டும் குடுத்தால் என்ன ஆகும்? காய்ந்த பூச்சியில் இருக்கிற சிக்கல் அதுதான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் கவனிக்காதது இதைத்தான். உயிருள்ள சில்லூறு 100 கிராம் எடுத்தால் அதில் ஏறக்குறைய 70 கிராம் நீர். மாப்புழுவில் 60 கிராமுக்கு மேல். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பிள்ளைகளோடு தத்துவெட்டிகளை நிறுத்து, காயவைத்து, மறுபடி நிறுத்துப் பார்த்திருக்கிறோம். மூன்றிலொரு பங்கு மிஞ்சினால் பெரிய காரியம். காய்ந்ததை உள்ளங்கையில் வைத்தால் ஒன்றும் வைத்த மாதிரியே இராது. கால்கள் தொட்டவுடன் முறியும். வயிறு வற்றி உள்ளே ஒட்டியிருக்கும். மூச்சு விட்டாலே உருண்டு போகும். அதைக் கையில் வைத்துப் பார்த்த பிள்ளைகளுக்குப் பூச்சியின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதை நான் வேறாகப் படிப்பிக்கத் தேவைப்படவில்லை.

பச்சோந்தி கிண்ணத்தில் குடிப்பது அரிது. இலையில் உருள்கிற துளியைத்தான் நக்கும். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் பிறகு நீண்ட வறட்சி. ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும்போது வேலியில் இருக்கிற பச்சோந்திக்கு விடியற்காலைப் பனித்துளி ஒரு தண்ணீர், தின்கிற பூச்சி மற்றத் தண்ணீர். கனடாவில் பனிக்காலத்துக்கு வீட்டுக்குள் ஹீற்றர் போட்டுவிடுகிறார்கள், காற்று வறண்டுவிடும். தெளிக்கிற தண்ணீரையும் குறைத்து, சாப்பாட்டில் இருந்த தண்ணீரையும் எடுத்துவிட்டால் உடம்பு எங்கிருந்து நீரைப் பிடிக்கும்?

ஊர்வன எங்களைப்போல யூரியாவாகக் கழிவை அகற்றுவதில்லை. யூரிக்கமிலமாக, வெள்ளைக் கட்டியாக எச்சத்தோடு விடுகின்றன. அந்தப் பகுதி வெள்ளையாக இருந்தால் நல்லது. மஞ்சளாக, செம்மஞ்சளாக மாறினால் உடம்பில் நீர் குறைகிறது. நீண்ட நாள் அப்படியே போனால் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் யூரிக்கமிலம் படியத் தொடங்கும். பெறாமகனிடம் எச்சத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். செம்மஞ்சள். குழிந்த கண்ணோடு அதையும் சேர்த்துப் பார்த்ததும் ஊர்வனவுக்கு வைத்தியம் செய்கிற மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோகச் சொன்னேன். நான் வைத்தியர் இல்லை. போனில் பார்த்துச் செய்யக்கூடிய வைத்தியமும் இல்லை. நீர் வற்றிவிட்டது என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். இளஞ்சூட்டு நீரை நீண்ட நேரம் தூவலாகத் தெளித்து, உயிர்ப்பூச்சிக்குத் திரும்பியபிறகு கண் மேலே வந்தது.

அடுத்தது கல்சியம். இதில் உயிர்ப்பூச்சிக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். சில்லூற்றில் கல்சியத்தைப்போல ஏழு மடங்கு பொசுபரசு. மாப்புழுவில் 15 மடங்குக்கும் மேல். பச்சோந்திக்கோ கல்சியம்தான் கூட இருக்கவேண்டும். கல்சியம் குறைந்தால் எலும்பு மெலிந்து வளையும், தாடை இளகும், கிளையைப் பிடிக்கிற காலும் கோணும். நாக்கை எய்கிற தசையும் தளரும். நாக்கு பாதி தூரத்தில் விழுகிற பச்சோந்தியைக் கண்டால் முதலில் கல்சியத்தையும் கழியூதா (யூவீ) விளக்கையும் பார்க்கவேண்டும். கழியூதா பீ கதிர் இல்லாவிட்டால் தோலில் விற்றமின் டீ3 உண்டாகாது. அது போதாவிட்டால் எவ்வளவு கல்சியம் குடுத்தும் உடம்பில் ஒழுங்காகச் சேராது.

உயிர்ப்பூச்சிக்கும் காய்ந்த பூச்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. உயிர்ப்பூச்சியைத் திருத்தலாம். அதற்கு வயிறு இருக்கிறது. அந்த வயிற்றில் நாங்கள் விரும்புவதை நிரப்பலாம். குடுப்பதற்கு முன் ஒரு நாள், இரண்டு நாள் பூச்சிக்கு நல்ல தீனி போட்டால் பச்சோந்தி அந்தத் தீனியையும் சேர்த்தே விழுங்குகிறது. அலன், ஒவ்டெடல் என்ற இருவரும் 1989இல் சில்லூறுகளுக்குக் கல்சியம் கூடிய தீனி போட்டு அவற்றின் உடலில் கல்சியத்தை உயர்த்திக் காட்டினார்கள். அதற்கு மேல் ஒரு மெல்லிய கல்சியத் தூளையும் பூச்சியில் தூவிக் குடுக்கலாம். காய்ந்த பூச்சியின் வயிறு என்றோ மூடப்பட்ட வயிறு. தூளைப் போட்டாலும் காய்ந்த உடம்பில் சரியாகப் பிடிக்காது, நனைத்தால் களியாகிவிடும். சூட்டில் உலர்த்தும்போது சூடு தாங்காத விற்றமின்கள் குறைகின்றன. போத்தலைத் திறந்து கனநாள் வைத்திருந்தால் கொழுப்பும் காறல் அடிக்கும்.

பூச்சிக்கு என்ன தீனி என்று கேட்டபோது எனக்கு முதலில் வாயில் வந்தது முருங்கையிலை. கல்சியமும் கரோட்டினும் நிறைந்தது, ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் கடைகளிலேயே கிடைக்கிறது. கரட், பூசணி, வற்றாளைக் கிழங்கு எல்லாம் நல்லவை. ஒக்சலேற் கூடிய கீரைகளை அதிகம் போடவேண்டாம். அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி அக்காவின் கதை.

அவளோடு நான் வாதாடவில்லை. அவள் சொன்னது மனதிலிருந்து வந்தது. எனக்கும் அந்த மனம்தான். ஆனால் ஒன்றைக் கேட்டேன். “அக்கா, அந்தப் போத்தலுக்குள்ள கிடக்கிறதும் உயிரோட இருந்ததுதானே? அதை ஆரோ எங்கேயோ குளிரில விறைக்க வைச்சோ சூட்டில போட்டோ கொண்டுபோட்டு எங்களுக்கு விக்கிறாங்கள். கண்ணுக்குத் தெரியேல்லை எண்டதுதான் வித்தியாசம்.” அவள் ஒன்றும் சொல்லவில்லை. பச்சையன் தானாக அந்த வீட்டுக்கு வரவில்லை, நாங்கள்தான் கூட்டில் வைத்திருக்கிறோம், அவன் பட்டினி கிடப்பதும் எங்கள் கணக்கில்தானே எழுதப்படும் என்றும் சொன்னேன். பச்சோந்தி கொல்வது ஒரு கண நேரம். அதற்கு முன் அந்தச் சில்லூறு நல்ல தீனி தின்று, ஈரமும் சூடும் இருக்கிற பெட்டியில் நெரிசல் இல்லாமல் இருந்ததா என்பது எங்கள் கையில் இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தால் நாங்கள் செய்யக்கூடியதைச் செய்தோம்.

அடுத்த கிழமை பெறாமகன் ஒரு படம் அனுப்பினான். அக்கா குசினியில் நின்று கரட் சீவிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் முருங்கையிலை ஆய்ந்து வைத்திருக்கிறது. பச்சையனுக்குப் பூச்சி போடுகிற வேலையை அவள் இன்னும் தொடுவதில்லை. பூச்சிக்குச் சாப்பாடு போடுகிற வேலை அவளுடையது. “பசிச்ச சீவனுக்குச் சாப்பாடு குடுக்கிறதில என்ன பாவம்?” என்று கேட்டாளாம். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பூச்சி வளர்ப்பது பெரிய வித்தையில்லை. உயரமான பிளாஸ்ரிக் பெட்டி, மூடியில் வலை, உள்ளே ஒளிந்திருக்க முட்டை மட்டைகள், முட்டையிட ஒரு பேணியில் ஈரத் தும்புத்தூள். இந்தத் தும்புத்தூள் எங்கள் நாட்டுத் தேங்காய் மட்டையிலிருந்தும் கட்டி கட்டியாக அங்கெல்லாம் போகிறது. முப்பது பாகை செல்சியஸ் அளவில் சூடு இருந்தால் இரண்டு கிழமைக்குள் முட்டை பொரிக்கும். இரண்டு மாதத்துக்குள் வளர்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சூட்டுக்கு விளக்கே தேவையில்லை. அங்கே பெட்டியை ஹீற்றர் பக்கம் வைக்கவேண்டும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் மூழ்கிச் சாகும். கரட் துண்டே தண்ணீருக்கும் போதும். கத்துவது ஆண்கள் மட்டும்தான். சத்தம் பொறுக்காதவர்கள் சத்தமே இல்லாத பட்டுப்புழு, கறுத்தச் சிப்பாய் ஈயின் புழு என்று மாற்றிக் குடுக்கலாம். இந்தக் கடைசிப் புழுவில் கல்சியம் இயல்பாகவே கூட. ஒரே பூச்சியை வருடம் முழுக்கப் போடுவதைவிட மாற்றிப் போடுவதுதான் நல்லது.

உயிர்ப்பூச்சியிலும் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. தின்னாமல் மிஞ்சிய சில்லூறு இரவில் உறங்குகிற பச்சோந்தியின் தோலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். பொழுதுபட முன் மிச்சத்தைப் பிடித்து எடுக்கவேண்டும். அல்லது ஏறித் தப்பமுடியாத வழுவழுப்பான கோப்பையில் விட்டுக் கிளையோரம் தூக்கவேண்டும். கோப்பைக்குள் பூச்சி ஓடுவதும் பச்சோந்திக்கு அசைவுதான். பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலை அகலத்துக்கு மேல் போகக்கூடாது. குஞ்சுக்கு நாளாந்தம், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டொரு நாள். பெண் பச்சோந்திக்கு அள்ளிப் போட்டால் கருக்கட்டாத முட்டையாகவே நிறைய இட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளும்.

வெளியில் பிடிக்கிற பூச்சி இன்னும் கவனம். எங்கள் பக்கம் வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் அடிக்கிற மருந்து எல்லாருக்கும் தெரியும். அந்த வரம்பில் பிடித்த தத்துவெட்டி மருந்தையும் சுமந்துகொண்டுதான் வரும். எருக்கலை தின்கிற வண்ணத்துப்பூச்சிப் புழு அந்தப் பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். மின்மினியைத் தொடவே வேண்டாம். வட அமெரிக்க மின்மினியைத் தின்று வளர்ப்புப் பல்லிகள் செத்திருக்கின்றன. “முத்தத்தில கனக்க நிக்குது சின்னம்மா, பிடிச்சுப் போடட்டோ?” என்று ஒரு கோடையில் இவன் கேட்டான். வேண்டாம் என்று உடனே மறித்தேன்.

காய்ந்த பூச்சிக்கு இடம் எங்கே என்றால்: கோழி விரும்பித் தின்னும். பெரிய மீன்களுக்குப் போடலாம். இலைகுழையும் தின்கிற தாடிப் பல்லி மாதிரியானவற்றுக்குத் தண்ணீரில் ஊறவைத்துக் கீரையோடு கலந்து குடுக்கிறார்கள். பச்சோந்திக்கு என்றால், உயிர்ப்பூச்சி எங்கேயும் எடுக்கமுடியாத ஓரிரு நாளில் ஊறவைத்துச் சிமிட்டாவால் ஆட்டிக் காட்டிப் பார்க்கலாம். எடுத்தால் சரி. எடுக்காவிட்டால் வளர்ந்த, திடமான பச்சோந்தி அந்த ஓரிரு நாளைப் பட்டினியில் தாண்டும். தண்ணீர் மட்டும் தவறக்கூடாது.

இதை வாசிக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. வேலியில் கண்ட பச்சோந்தியைப் பிடித்துப் பெட்டியில் போட்டு வளர்க்கலாமா என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் எங்கள் காட்டுப் பிராணிகளைக் காக்கிறது. எங்கள் பச்சோந்தி, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், காட்டுப் பச்சோந்தி கூட்டுக்குள் அநேகமாகத் தின்னாமலே மெலிந்து சாகும். வேலி வெட்டும்போது தடியோடு சேர்ந்து வந்தால் தடியோடேயே பக்கத்து மரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். கல்லெறிகிறவர்களைக் கண்டால் மறியுங்கள். அதற்கு நஞ்சும் இல்லை, அது யாருக்கும் கெடுதலும் செய்வதில்லை. ஏலுமானவர்கள் ஒரு பக்க வேலியையாவது உயிர்வேலியாக விடுங்கள். பச்சோந்திக்கு உயிர்ப்பூச்சி போட எங்கள் ஊரில் அதைவிட நல்ல வழி இல்லை.

வாற நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பமாக வர நிற்கிறாள். பச்சையனை யார் பார்ப்பது என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. பெறாமகனின் கூட்டாளி ஒருவன் சம்மதித்திருக்கிறான். பூச்சியைக் கையால் பிடிக்க அவனுக்கு அருவருப்பு இல்லையாம். என்னென்ன எழுதி வைக்கவேண்டும் என்று பெறாமகன் கேட்டான். காலையும் பின்னேரமும் இலை நனையத் தண்ணீர் தெளிக்கவேண்டும். ஒன்றுவிட்டொரு நாள் பூச்சி. முதல் நாளே பூச்சிக்கு முருங்கையிலை. இரவில் கூட்டுக்குள் ஒரு சில்லூறும் மிஞ்சக்கூடாது. எச்சம் மஞ்சளானால் வைத்தியருக்கு அடிக்கவேண்டும். “அந்தக் காஞ்சதுப் போத்தல் இன்னும் பாதி கிடக்கு சின்னம்மா, அதையும் குடுத்துவிடட்டோ?” என்றான். கூட்டாளி வீட்டில் பெரிய மீன்தொட்டி இருக்கிறதாம். மீனுக்குக் கொண்டுபோகட்டும் என்றேன்.